கேசட்டுக்கு ஒரு கடுதாசி

உங்களுக்கு உயிரான ஒரு ராக் ஆல்பத்துக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கடிதத்தைவிடக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான், தேங்காயைக்கூட நாலு தடவை தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும்.

வாசகர், பாலக்கோடு: ஆல்பத்துக்குக் கடிதமா? எந்த விலாசத்துக்கு அனுப்புவது? பக்கம் நிரப்ப வேறு வழி கிடைக்கவில்லையா சார்?

பக்கம் நிரப்புவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டில் அம்மாவிடம் போய் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்லிப் பாருங்கள், "ஏன்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நெருங்கியவர்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர்களைத் தள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும் என்று நமக்கு ஒரு கூச்சம். கேசட்டிடம் அந்தக் கூச்சம் கிடையாது. எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே, "திருப்பித் தந்துடுடா" என்று சொல்லி அதைக் கடன் கொடுத்த பையன் வந்து நிற்பான். விலாசம் தேவைப்பட்டால் அவனுடையதைத் தேடுங்கள். அப்படியே கேசட்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி: "என் வாழ்க்கையை மாற்றிய இசையே" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் நகரவில்லை. எப்படித்தான் எழுதுவது?

முதல் காரியமாக அந்த வரியை அடித்துவிடுங்கள் தம்பி. அதை யாரும் எதற்கும் எழுதலாம், தைலத்துக்குக்கூட எழுதலாம். தர்மபுரிக்காரன் அதியமானை இழுக்காமல் விடமாட்டான் என்று திட்டினாலும் சரி, இதற்கு உதாரணம் நம் பழைய தர்மபுரியான தகடூரிலேயே இருக்கிறது. நெல்லிக்கனி கொடுத்த அதியமானுக்கு ஔவையார் சொன்ன நன்றி, புறநானூற்றில் 91ஆம் பாட்டு. மொத்தமே 11 அடி. முதல் பாதியில் அவன் வாளையும் மாலையையும் சொல்லி நீடு வாழ்க என்று வாழ்த்துகிறார், அது எந்தப் புலவரும் செய்வது. அப்புறம்தான் விஷயம். பெரிய மலையின் பிளவுக்குள் ஏறுவதற்கு அரிதான உச்சியில் எடுத்த நெல்லி, அதன் இலை சிறியது, கனி இனியது, அதைத் தின்றால் என்ன பலன் என்பதை வாய் திறக்காமல் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, எனக்குச் சாவு வராமல் இருக்கக் கொடுத்தாயே என்கிறார். உயிரைக் காப்பாற்றும் பொருளைப் பற்றிப் பேசும்போதும் இலை எவ்வளவு பெரியது என்பதை அந்தம்மா விடவில்லை பாருங்கள்! உங்கள் ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்கினீர்கள், எந்தப் பக்கம் தேய்ந்துபோனது, எந்தப் பாட்டு ஓடும்போது கரண்டு போனது, அதை எழுதுங்கள்.

வாசகர், பென்னாகரம்: நான் இளையராஜா ரசிகன். ராக் எனக்குச் சத்தம். நான் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. 1986இல் அவர் போட்ட 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பமே ஒரு நன்றிக் கடிதம்தான், தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை ஜே. எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார். அதற்கு ஒரு பதில் கடிதம் எழுதுங்களேன். சத்தம் பற்றி மட்டும் சண்டை வேண்டாம், மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பை அடிக்கிற ஊர்க்காரர் நீங்கள்.

வாசகி, ஓசூர்: தொழிற்சாலை ஷிப்ட் பஸ்ஸில் பத்து வருஷமாக மெட்டாலிக்கா குழுவின் கறுப்பு ஆல்பம்தான் கேட்கிறேன், இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அது இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே அழுதிருப்பேன். ஆனால் எனக்கு ஆங்கிலம் சரியாக வராது, பாதி வரிகள் புரியாது. நான் எழுதினால் சிரிக்க மாட்டார்களா?

யார் சிரிப்பது? தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊரில் இருந்துகொண்டு, மொழி புரியாமல் எதுவும் மனசுக்குள் போகாது என்று நீங்களே நினைக்கலாமா? 1991 ஆகஸ்ட்டில் வந்த ஆல்பம் அது, கறுப்பு அட்டை என்பதால் அந்தப் பெயர், உண்மைப் பெயர் வெறும் 'மெட்டாலிக்கா'தான். அதில் நீங்கள் அதிகம் கேட்டதாக எழுதியிருக்கும் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' எப்படிப் பிறந்தது என்றால், குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு காதலியுடன் பேசிக்கொண்டிருந்தார், இன்னொரு கை சும்மா இருக்கமாட்டாமல் மடியில் கிடந்த கிதாரை மீட்டியது. கம்பியை அழுத்த இடது கை இல்லை, அதனால் ஆரம்பத்தில் வருவதெல்லாம் அழுத்தாத வெறும் கம்பிகளின் நாதம். கிதார் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் அந்தத் தொடக்கத்தை வாசித்துவிட்டு வீட்டில் அலட்டிக்கொள்வதற்கும் அதுதான் காரணம். தனக்காக மட்டும் வைத்துக்கொள்ள நினைத்த பாட்டு அது. பின்னால் மெல்ல வரும் வயலின் கூட்டத்தை எழுதியவர் இசையமைப்பாளர் மைக்கேல் கேமன், ஆல்பத்தில் அதை ரொம்ப அடக்கி வைத்துவிட்டார்கள். 1999இல் அதே கேமன் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையில் நின்று நடத்தியபோதுதான் அந்த வயலின்கள் நன்றாக வெளியே வந்தன. இதில் எந்த இடத்துக்கு ஆங்கிலம் வேண்டும்?

2011 அக்டோபர் 30ஆம் தேதி அவர்கள் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்க் கச்சேரி மாதிரி. என் நண்பன் ஒருவன் ஆட்டம் முடிந்து பஸ் கிடைக்காமல், காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய டெம்போவில், தக்காளிக் கிரேடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அத்திப்பள்ளி தாண்டினான். ஒரு வாரம் தொண்டை கட்டியிருந்தது, யாரோடும் பேசவில்லை. பேச முடிந்த பிறகு வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்று வரை சரியான காரணம் கிடைக்கவில்லை. நீங்கள் அந்த இரவு ஷிப்ட் பஸ்ஸையே எழுதுங்கள்.

வாசகர், அரூர்: கல்லூரிக் காலத்தில் எல்லாமே பதிவு செய்த கேசட். பிங்க் ஃபிளாய்டு குழுவுக்கு என் கையால் ஒரு ரூபாய் போனதில்லை. திருடிக் கேட்டுவிட்டு நன்றி சொல்வது அசிங்கம் இல்லையா?

அந்த வழக்கில் நானும் கூட்டுக் குற்றவாளி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை, 90 நிமிடக் காலி கேசட்டை நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' முழுசும் 43 நிமிடம், ஒரு பக்கத்துக்கு 45, கச்சிதம். மிச்சம் இரண்டு நிமிடத்தைச் சும்மா விட மனசு வராமல் கடைக்காரர் நையாண்டி மேளத்தைப் பதிந்துவிட்டார். அந்த ஆல்பம் இதயத்துடிப்பில் ஆரம்பித்து இதயத்துடிப்பில் அடங்கும். துடிப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும் நேரத்தில் தவில் கிளம்பும் பாருங்கள்! இன்றைக்கும் அதன் சுத்தமான பிரதியைக் கேட்டு முடித்தால் எனக்கு ஏதோ குறைகிறது.

சரி, திருட்டுக்கு வருகிறேன். அதில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் பாடுவார், நினைவிருக்கும். கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்கள், சொல் எதுவும் வேண்டாம் என்றார்கள், பாடினார், கூலி 30 பவுண்டு. ரொம்பக் கத்திவிட்டோமோ என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாராம். தன் குரல் ஆல்பத்தில் இருப்பதே கடையில் அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அப்புறம் 741 வாரத்துக்கும் மேல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் கிடந்த ஆல்பம் அது. 2004இல் அவர் வழக்குப் போட்டு, 2005இல் சமரசம் ஆகி, அதன் பிறகுதான் அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர்கள் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்தது. முறைப்படி காசு வாங்கி விற்றவர்களே 32 வருஷம் ஒருவர் பெயரைச் சேர்க்காமல் இருந்திருக்கிறார்கள். அதனால் நாம் செய்தது சரி என்று ஆகிவிடாது, ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரைப் போட்டு எழுதுங்கள். ரொம்ப உறுத்தினால் இப்போதாவது ஒரு பிரதி வாங்கிவிடுங்கள். நான் வாங்கிவிட்டேன், தவில் மட்டும் இல்லை.

வாசகி, தேன்கனிக்கோட்டை: அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் பெட்டியில் 'விஷ் யூ வேர் ஹியர்' கேசட், அவன் கையெழுத்திலேயே பாட்டுப் பெயர்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. போட்டுக் கேட்காமல் கடிதம் எழுத மனசு வரவில்லை. ஓட்டலாமா?

வேண்டாம், அப்படியே ஓட்டிவிடாதீர்கள் அம்மா. பூஞ்சை டேப் ரிக்கார்டரின் ஹெட்டில் ஒட்டும், டேப்பும் சிக்கும். பழைய கேசட்டில் இன்னொரு சங்கடம், ஹெட்டுக்கு எதிரே இருக்கும் சின்னக் கம்பளித் துண்டின் பசை காய்ந்து உதிர்ந்துபோயிருக்கும். கூட்டில் பெரும்பாலும் ஐந்து திருகாணி இருக்கும். கழற்றி, டேப்பை மட்டும் நல்ல நிலையில் உள்ள வேறொரு கூட்டுக்கு மாற்றலாம். பூஞ்சையை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், மூக்கைக் கட்டிக்கொண்டு. கை நடுங்கினால் நீங்கள் தொட வேண்டாம், பழைய டேப் ரிக்கார்டர் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரிலோ ஓசூரிலோ இன்னும் இருப்பார். கையெழுத்து இருக்கும் அட்டையை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அந்த ஆல்பத்தின் கதையை உங்களிடம் சொன்னாரோ என்னவோ. பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநிலை பாதித்து 1968இல் குழுவைவிட்டுப் போனார். அவரை நினைத்து எழுதிய பாட்டுதான் ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு பாதியாக வருகிறது. 1975 ஜூன் 5ஆம் தேதி ஆல்பத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, மொட்டைத் தலையும் மழித்த புருவமுமாக உடம்பு பெருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். யாரோ என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிட் என்று தெரிந்தது, அழுதுவிட்டார்கள்.

கடைசித் தேதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்களுக்காக இருபது நாள் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன், முதலில் கேசட்டைச் சரிசெய்யுங்கள்.