பேட்டரி உருக்குற புகைக்கு மாஸ்க் போட்டா போதுமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்ல பழைய பேட்டரிய உடைச்சு ஈயத்த உருக்குறாங்க, ராத்திரியானா ஒரே புகை. 3 வயசுப் பொண்ணுக்கு அடிக்கடி வயித்துவலி, சரியா சாப்பிடவும் மாட்டேங்குறா. மாஸ்க் போட்டுவிட்டா போதுமா டாக்டர்?

பதில்: போதாதும்மா. நீங்க புகையப் பாத்து பயப்படுறீங்க, எனக்கு அதவிட பயம் புகை அடங்குனப்புறம் கீழ படியுற தூசிதான். உருக்குறப்போ ஈயம் ரொம்ப பொடித் துகளா காத்துல கலந்து மொட்டமாடி, ஜன்னல், வாசல் மண்ணுன்னு எல்லாத்துலயும் படிஞ்சிடும், குழந்தை அதுல கைய வச்சுட்டு அப்படியே வாயில வைக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் இப்படித்தான் உள்ள போகுது. அதுவும் வயித்துக்குள்ள போற ஈயத்த பெரியவங்கள விட 4, 5 மடங்கு அதிகமா குழந்தை உடம்பு இழுத்துக்கும், இரும்புச்சத்தும் கால்சியமும் கம்மியா இருந்தா இன்னும் கூடுதலா.

வயித்துவலிக்கு பூச்சி, மலச்சிக்கல்னு வேற காரணமும் இருக்கலாம், ஆனா இந்த இடத்துல இருந்துக்கிட்டு பூச்சி மருந்து மட்டும் குடுத்துட்டு விட்டுடாதீங்க. இந்த வாரமே ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் எடுங்க, ஹீமோகுளோபினும் சேத்து. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கருந்து வருதுன்னு பாத்து நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 45 தாண்டுனா ஈயத்த வெளியேத்துற மருந்து வேணும். அதுக்குக் கீழ முக்கியமான வைத்தியமே ஈயம் வர்ற வழிய அடைக்கிறதுதான், ஏன்னா மூளைக்கு வந்த பாதிப்ப, படிப்புலயும் கவனத்துலயும் வர்ற குறைய, மருந்து குடுத்து திருப்பிக் கொண்டுவர முடியாது. வலிப்பு, விடாத வாந்தி, அசந்து அசந்து தூங்குறதுன்னா டெஸ்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க.

வீட்ட காஞ்ச விளக்கமாத்தால பெருக்காதீங்க, தூசி திரும்ப எழும்பும், ஈரத்துணியால துடைங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவிவிடுங்க. வெறும் வயித்துல ஈயம் அதிகமா ஏறும், அதனால நேரத்துக்குக் குடுங்க, முருங்கைக்கீரை, ராகி, முட்டை, பால் எல்லாம் இருக்கட்டும்.

இதெல்லாம் தற்காலிகம்தான்மா, அந்த அடுப்பு நிக்கணும். செனகல் நாட்டுல டாக்கார் பக்கத்துல இதே பேட்டரி ஈயத்தால 2007 கடைசியிலருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப்போச்சு. பயமுறுத்தச் சொல்லல, தெருவே சேந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் எழுதிக் குடுங்கன்னுதான் சொல்றேன். தெருவுல கர்ப்பிணிங்க இருந்தா அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, ஷெட்ல வேலை பாக்குறவங்க பிள்ளைங்களையும் விட்டுடாதீங்க, அப்பா சட்டையோட தூசி அந்த வீட்டுக்கும் போகுது.