பேச்சை அளக்கும் படிப்பு: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

"குழந்தையைப் பேச வைக்க ஒரு பட்டப்படிப்பா?" என்று வீட்டில் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். மகளுக்கு இயற்பியலும் பிடிக்கும், குழந்தைகளோடு பழகவும் பிடிக்கும். ஸ்பீச் தெரபி படித்தால் இயற்பியல் வீணாகிவிடுமோ என்பது உங்கள் கவலை. வீணாகாது அம்மா. இந்தத் துறைக்கு இரண்டுமே வேண்டும்.

பயிற்சி கொடுப்பது இந்த வேலையில் பாதிதான். அதற்கு முன் அளக்க வேண்டும். 'கதவு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தை எப்போது கேட்டாலும் 'ததவு' என்கிறது. நாக்கின் பின்பகுதியில் பிறக்க வேண்டிய ஒலியை முன்னால் பிறப்பிக்கிறது, ஆனால் தவறு மாறுவதில்லை. இன்னொரு குழந்தை முதலில் 'ததவு', அடுத்து 'கவது', அப்புறம் 'அதவு' என்கிறது. உயிரொலிகளும் பிசகுகின்றன, அசைக்கு அசை தடங்கல். இது அப்ராக்ஸியாவாக இருக்கலாம். வாய் எப்படி அசைய வேண்டும் என்று மூளை திட்டமிடுவதில் உள்ள சிக்கல் அது. மூன்றாவது குழந்தைக்குத் திட்டம் சரி, தசைகள் தளர்ந்தோ இறுகியோ இருப்பதால் பேச்சு குழறுகிறது. அதன் பெயர் டிஸார்த்ரியா. ஒன்றுக்கான பயிற்சியை மற்றொன்றுக்குக் கொடுத்தால் குழந்தையின் மாதங்கள் வீணாகும். அதனால்தான் அளப்பதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எப்படி அளக்கிறார்கள்? 1982 முதல் புழக்கத்தில் உள்ள ஒரு வழி மிக எளிது. குழந்தை சொல்ல நினைத்த மெய்யொலிகளில் எத்தனை சரியாக வந்தன என்று எண்ணிச் சதவீதம் போடுவது. 85-க்கு மேல் என்றால் லேசான சிக்கல், 50-க்குக் கீழே என்றால் கடுமையானது. ஆனால் இந்த எண் 'எவ்வளவு' என்பதைச் சொல்லுமே தவிர 'ஏன்' என்பதைச் சொல்லாது. ஏன் என்று அறிய, 'ப-த-க' என்று வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து நேரம் பார்ப்பார்கள். ஒரே மூச்சில் 'ஆ' எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

இதற்கு மேல்தான் உங்கள் மகளின் இயற்பியல் வருகிறது. உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிசெகண்டில் அளப்பது, ஒலியைப் படமாக்கிக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் அதன் அதிர்வெண்களைப் படிப்பது, தாடைக்கடியில் அல்ட்ராசவுண்ட் வைத்து நாக்கின் அசைவைப் பார்ப்பது, நாக்கில் ஒட்டிய சிறு உணரிகளைக் காந்தப்புலத்தின் வழியே பின்தொடர்வது எல்லாம் இங்கே உண்டு.

கருவி வந்ததால் காதின் மதிப்பு குறையவில்லை. 1969-இல் டார்லி, அரான்சன், பிரவுன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 212 நோயாளிகளின் பேச்சைக் கேட்டு, 38 அம்சங்களில் மதிப்பிட்டு, டிஸார்த்ரியாவை வகைப்படுத்தினார்கள். இன்றும் மாணவர்கள் அந்த வகைப்பாட்டைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-இல் 27 மொழிகளை ஒப்பிட்ட ஒரு மதிப்பாய்வு, 5 வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் குழந்தைகளுக்குக் கைவந்துவிடுகின்றன என்று காட்டியது. ஆனால் எந்த ஒலி எப்போது வரும் என்பது மொழிக்கு மொழி மாறும். ஒரு மொழியின் அட்டவணையை வைத்து இன்னொரு மொழிக் குழந்தையை எடைபோடுவது அநியாயம். தன் தாய்மொழியில் நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்குத் தேவை.

வேலை என்று பார்த்தால் குழந்தைகள் மட்டுமல்ல. பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ள பெரியவர்களும் வருவார்கள். ஆராய்ச்சிக்கூடம், பேச்சுத் தொழில்நுட்பம் என்ற பக்கமும் போகலாம். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? ஒலியியல் பாடத்துக்கு ஆய்வகம் இருக்கிறதா? அவள் வேலை செய்ய விரும்பும் நாட்டில் இந்தப் பட்டத்துக்கு உரிமம் கிடைக்குமா? மூன்றாவதை மட்டும் கல்லூரியிடம் கேட்டு விட்டுவிடாமல், உரிமம் வழங்கும் அமைப்பிடமும் நேரில் உறுதி செய்யுங்கள்.

சரி, அவளுக்கு இது பொருந்துமா? வீட்டில் யாரையாவது 2 நிமிடம் பேசவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்கள் சொல்ல நினைத்த சொல்லை அல்ல, உண்மையில் காதில் விழுந்த ஒலியை, ஒவ்வொன்றாக அவள் எழுதட்டும். அரைமணியில் சலித்துவிட்டால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம். ஒரே வார்த்தையைப் பத்து முறை ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தாளோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள்.