தீபாவளி முற்பணமும் கிழக்குக் கடலும்

வழிச்செலவு: வாசகர் கேள்விகளுக்கு ஹட்டன் வேன்கார அண்ணன் பதில்

கேள்வி: அண்ணே, நான் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் ஓட்டோ ஓடுகிறார். கல்யாணம் கட்டியதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து கடலைப் பார்த்ததே இல்லை. இந்த முறை தீபாவளி முற்பணம் கிடைத்ததும், எங்கள் ஓட்டோவிலேயே ஆறு நாள் போய்வர நினைக்கிறோம். மிரிஸ்ஸ, காலி, அறுகம்பே, மட்டக்களப்பு, திருகோணமலை எல்லாம் பார்க்க ஆசை. ஓட்டோ லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும். செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: கட்டாயம் போங்கள் தங்கச்சி. ஆனால் மாதத்தை மாற்ற வேண்டும், ஊர்ப் பட்டியலிலும் பாதியை வெட்ட வேண்டும்.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. கிழக்கில் மழை கட்டத் தொடங்குவதும் அப்போதுதான். கார்த்திகை, மார்கழி, தை என்று வெள்ளமும் வாடைக்காற்றுமாக இருக்கும். கடல் கலங்கி, அலை முரடாக அடிக்கும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளியும் இந்தப் பருவத்தில் வந்ததுதான். முற்பணம் என்பது சும்மா வரும் காசா? சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுவார்கள். கடன்பட்டுப் போய் மழை பார்ப்பதற்கு, பொகவந்தலாவையில் இல்லாத மழையா?

வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள் போங்கள். தென்மேற்குக் காற்று நம் மலையில் வந்து முட்டி, சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் நோட்டன், ஹட்டன், உங்கள் ஊர் என்று கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கும். மட்டக்களப்பில் அதற்குக் கச்சான் காற்று என்று பெயர். காய்ந்த காற்று, முகத்தில் சுடும். நீங்கள் படங்கு கட்டிக்கொண்டு நனைந்து கொழுந்தெடுக்கும் நாளில் பாசிக்குடாக் கடல் அசையாமல் கிடக்கும். காசுக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக்குக் கிடைக்கும் கைக்காசையும் ஓட்டோ வருமானத்தில் கொஞ்சத்தையும் சேர்த்து ஒரு சீட்டுப் போடுங்கள். முற்பணத்தைப் பண்டிகைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மிரிஸ்ஸவையும் காலியையும் இப்போதைக்கு விடுங்கள். நான் சொல்லும் மாதங்களில் தெற்கே கடல் கொந்தளிப்பு. திமிங்கிலம் பார்க்கும் பருவமும் அதுவல்ல. பருவம் வரும்போது ரூம் விலை ஏறிவிடும். திருகோணமலையையும் வெட்டுகிறேன். மட்டக்களப்பிலிருந்து இன்னும் 130 கிலோமீற்றருக்கு மேல். போனால் தம்புள்ளை, கண்டி என்று சுற்றித்தான் வர வேண்டும். ஓட்டோவில் ஆறு நாளுக்குள் அதைச் செய்தால் உங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கப்போவது முதுகுவலிதான். அங்கே கோயில் கொண்ட கோணேசர் கோபிக்க மாட்டார். இன்னொரு தடவை பஸ்ஸில் போங்கள்.

மிச்சமிருப்பது நல்ல வளையம். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், பிறகு கரையோரமாக மட்டக்களப்பு. திரும்பும்போது செங்கலடியில் திரும்பி மஹா ஓயா, பிபிலை வழியாகப் பதுளை. பதுளை வரை போன பாதையில் திரும்பி வர வேண்டியதில்லை. எல்லாம் சேர்த்து 700 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். உங்கள் கணக்கில் 28 லீற்றர். ஏற்றங்களுக்கும் ஊர் சுற்றுவதற்கும் சேர்த்து 32 லீற்றருக்குக் காசு ஒதுக்குங்கள். இரவுகள்: மொனராகலை ஒன்று, பொத்துவில் ஒன்று, மட்டக்களப்பு இரண்டு, பதுளை ஒன்று. பதுளையில் சொந்தக்காரர் இல்லாத மலைநாட்டுக் குடும்பத்தை நான் கண்டதில்லை. அந்த இரவு வாடகை மிச்சம்.

எல்லயிலிருந்து வெல்லவாய இறக்கத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அந்த இறக்கத்தில் அந்தக் கெட்டித்தனம் வேண்டாம். சின்னக் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். இராவணன் நீர்வீழ்ச்சியில் எப்படியும் நிற்பீர்கள். சில்லு ஆறும்வரை நில்லுங்கள். புறப்படும் முன் பிரேக் லைனிங், கிளட்ச் கேபிள், ஸ்பெயார் டயர் மூன்றையும் ஓட்டோ திருத்துகிற பாஸிடம் காட்டுங்கள்.

சியம்பலாண்டுவ தாண்டினால் லாகுகலை. யானைக் காடு, பாதையிலேயே நிற்கும். அதனால்தான் முதல் இரவை மொனராகலையில் போட்டேன். காலையில் வெயில் ஏறியதும் கடந்துவிடுங்கள். யானைக்குப் பழம் கொடுக்க ஓட்டோவை நிறுத்துகிற ஆட்களைப் பார்த்து நீங்களும் நிறுத்தாதீர்கள், ஓட்டோவுக்குக் கதவு இல்லை.

அறுகம்பேயில் ஆடி, ஆவணி என்றால் வெள்ளைக்காரர் கூட்டம்; பலகையை வைத்து அலையில் ஏறுகிறவர்கள். கரையோடு ஒட்டிய ரூம்கள் அவர்களுக்கு விலை வைத்தவை. பாலத்துக்கு இந்தப் பக்கம் பொத்துவில் ஊருக்குள் தேடுங்கள், சனி ஞாயிறைத் தவிருங்கள். அங்கே தமிழ்தான் பேச்சு. நாமே நேரில் பேசி விலை குறைக்கலாம், இடையில் தரகர் தேவையில்லை. இரண்டு பேரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். விவாகப் பத்திரத்தை போனில் படம் பிடித்து வைத்தால் நல்லது. சில இடங்களில் சோடியாகப் போனால் கேட்கிறார்கள். எனக்கு அது பிடிக்காத பழக்கம், ஆனால் இரவு ஏழு மணிக்கு வாசலில் நின்று வாதாட முடியாது.

பொத்துவிலுக்கு அப்பால் பாதை முழுக்க நம் பேச்சுத்தான். திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கும்பிட்டுவிட்டு அப்படியே மணலில் உட்காரலாம், காசு இல்லை. காரைதீவு, 1892 இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். மருதமுனையில் கைத்தறிச் சாரம் வாங்குங்கள், மாமனாருக்கு ஒன்று சேர்த்து. சாப்பாட்டை அக்கரைப்பற்று, கல்முனைக் கடைகளில் பகல் வேளையில் முடியுங்கள். மீன் பொரியல் கேட்கும் முன் விலை கேளுங்கள். மட்டக்களப்பில் சட்டித் தயிர் ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கு ஒரு நேரச் சாப்பாடு. முதல் நாளுக்கு வீட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும்.

மட்டக்களப்பில் கல்லடியில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் முழுக்கப் பாசிக்குடாவுக்குக் கொடுங்கள். நீந்தத் தெரியாத நமக்காகவே அமைந்த கடல் அது. வெகு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். சேலையோடு இறங்காதீர்கள் தங்கச்சி, நனைந்தால் காலைச் சுற்றும். பழைய சுடிதார் எடுத்துப் போங்கள். ஓட்டோவை மணலுக்குள் இறக்க வேண்டாம், சில்லு புதைந்தால் தள்ளுவதற்குக் கூலி கேட்பார்கள்.

கேள்வி: நானும் நண்பனும் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழகலாமா? இருவருக்கும் நீச்சல் தெரியாது.
- தம்பி ஒருவர், தலவாக்கலை

பதில்: முதலில் நீச்சல். அதன்பிறகு அங்கே ‘பேபி பொயின்ட்’ என்று புதியவர்கள் பழகும் இடம் இருக்கிறது. பலகையை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவார்கள். பெரிய அலை உடையும் பக்கம் வேடிக்கை பார்க்கலாம். இறங்காதீர்கள்.

கேள்வி: மனைவியோடு கடலுக்குப் போகிறேன் என்றதும் அம்மா, ‘கோயிலும் இருக்கிற ஊர்தானே, நானும் வாறேன்’ என்கிறார். என்ன செய்ய?
- நானுஓயா வாசகர்

பதில்: ஆடியில் நம் பக்கமிருந்து கதிர்காமத்துக்கு வேன் போகும். அம்மாவுக்கு அதில் ஒரு சீட் பிடித்துக் கொடுங்கள், முன் சீட்டாகப் பார்த்து. அதற்கு அடுத்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் புறப்படுங்கள். வேனுக்குப் பணம் கட்டிய பிறகு அம்மாவிடம் சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள்.