சங்கைக் கீழே வை

அன்புள்ள அக்காவுக்கு,

மகன் பிறந்து 23 நாள். தாய்ப்பால் மட்டும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்தால் பத்து மணிவரை ஓய்வதில்லை. குடித்த கையோடு மறுபடி அழுகிறான். மாமியார், "பால் பத்தல, இந்த வெக்கைக்கு நாக்கும் வறளும், ரெண்டு சங்கு சீனித்தண்ணி குடு" என்கிறார். வீட்டுக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போகிறவர். என்ன செய்ய?

ஒரு வாசகி, தங்கச்சிமடம்

தங்கச்சிமடத்துத் தங்கச்சிக்கு,

நான் டாக்டர் இல்லை. பாம்பனில் ரெண்டு பிள்ளை வளர்த்தவள். முதலில் ஈரத்துணியை எண்ணு. நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் பத்துகிறது. பிறந்த எடைக்கு இந்நேரம் திரும்பியிருக்க வேண்டும். நர்சம்மாவிடம் நிறுத்துப் பார்.

சாயங்கால அழுகை பெரும்பாலும் இந்த வயதின் அழுகை. ஆறாவது வாரம்வரை கூடும், மூன்று நாலு மாதத்தில் அடங்கும். அந்நேரம் அடிக்கடி குடிக்கவும் கேட்பான். கொடு. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். சங்குத் தண்ணீர் வயிற்றை அடைத்தால் மார்பில் குடிப்பது குறையும், பாலும் குறையும். அப்புறம் மாமியார் சொன்னது நிஜமாகிவிடும்! தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். எந்த வெக்கையிலும் ஆறு மாதம்வரை வேறு தண்ணீர் வேண்டாம். என் மூத்தவளுக்கு அம்மா பனங்கற்கண்டுத் தண்ணீர் புகட்டி நாலு நாள் வயிற்றோட்டம். ஊர்க்கண் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சங்கை யாரும் சந்தேகப்படவில்லை.

மாமியார் பால்சுறாப் புட்டோ காரல் குழம்போ வைத்தால் மட்டும் மறுக்காதே. அதில் பால் ஊறுமோ என்னவோ, பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு.

கையைச் சப்புவான், வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்புவான். அப்போதே மார்பில் போடு. வீறிட்ட பிறகு சரியாகப் பிடிக்கமாட்டான். சட்டையில்லாமல் உன் நெஞ்சோடு அணைத்து, முதுகைத் தடவி, அடங்கியதும் கொடு.

உடம்பு கொதித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, பச்சையாகக் கக்கினாலோ எந்தச் சாமமானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

கடலுக்குப் போகாத ராத்திரிகளில் உன் வீட்டுக்காரர் தோளில் பிள்ளையைப் போட்டுவிட்டு நீ ரெண்டு மணி நேரம் தூங்கு. வலை வாடையோடு தூக்கினால் மாமியார் சத்தம் போடுவார். குளித்துவிட்டு வரச் சொல்.