தனுசுப் பக்கம் ஏறும் எக்ஸ் கதிர்: புது மூலம்தானா?

நண்பரே, விண்வெளி நிலையத்திலிருந்து வானத்தை எக்ஸ் கதிரில் கண்காணிக்கும் மேக்ஸி கருவியின் தரவில், தனுசு விண்மீன் குழுவின் பக்கம் மூன்று நாளாக எக்ஸ் கதிர் ஏறுகிறது, புது மூலமா (எக்ஸ் கதிர் வீசும் புதிய விண்பொருளா) என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மேக்ஸியின் பார்வை அவ்வளவு கூர்மையில்லை; ஒரு புள்ளியே சுமார் 1.5 டிகிரி அகலத்துக்குப் பரவித் தெரியும். அதாவது மூன்று முழுநிலவு அகலம்! பால்வீதி மையத்தருகே பழைய மூலங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஜிஎக்ஸ் 5-1 மாதிரி ஒன்று சற்றுத் துள்ளினாலே பக்கத்து வரைபடமும் ஏறும். முதலில் அக்கம்பக்கத்து மூலங்களின் ஒளிவளைவுகளை (பிரகாசம் நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் வரைபடங்களை) பாருங்கள். அப்புறம் ஸ்விஃப்ட் விண்கலத்தின் பேட் கருவித் தரவில், 15-50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற உயர் ஆற்றல் எக்ஸ் கதிரில், அதே நாட்களைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் உடனே கைவிட வேண்டாம், குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரை மட்டும் அதிகம் வீசும் மென்கதிர் மூலமாக இருக்கலாம். ஒளியியல் (கண்ணுக்குத் தெரியும் ஒளி) தரவும் உதவும்: 2018 மார்ச்சில் மேக்ஸி ஜே1820+070 கருந்துளையின் வெடிப்பொளியை, வானத்தை ஒளியில் கண்காணிக்கும் அசாஸ்-எஸ்என் தொலைநோக்கிகள் மேக்ஸிக்குச் சில நாள் முன்பே பிடித்துவிட்டன. ஆனால் உங்கள் திசையில் ஒளியை மறைக்கும் விண்வெளித் தூசி அதிகம், அதுதான் தொல்லை.