பழைய ஏர் ரைஃபிளுக்கு அளவெடுத்துச் செய்த ஸ்டாக் போடலாமா?

உங்களிடம் இருப்பது வைராக் எச்டபிள்யூ 35 என்ற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், அதன் பீச் மர ஸ்டாக்கை, அதாவது தோளில் ஊன்றும் மரப் பகுதியை, கழற்றிவிட்டு வால்நட் மரத்தில் ஒன்று செய்து போட்டால் குறி நன்றாகுமா, விலை மதிப்பு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். பழைய ஸ்டாக்கை மட்டும் வெட்டாதீர்கள், விற்காதீர்கள், திருகுகளோடு துணியில் சுற்றி வையுங்கள். பிற்பாடு விற்க வேண்டி வந்தால், பழைய பொருள் சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

நானும் இங்கே இங்கிலாந்தில் அதே மாடலைத்தான் வைத்திருக்கிறேன். 1950களில் வந்த வடிவம், குழலின் மேல் இருக்கும் இரும்புக் குறியைப் பார்த்துச் சுடுவதற்காகக் கன்னம் படும் இடத்தைத் தாழ்வாக வைத்தார்கள். அதில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டினால் தலையைத் தூக்க வேண்டியிருக்கும், கன்னத்துக்குப் பதிலாகத் தாடைதான் மரத்தில் ஊன்றும். ஒன்று செய்து பாருங்கள்: கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, தலையை வசதியாகச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் உங்கள் ஸ்டாக் சரி, ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் புது ஸ்டாக்குக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

ஆனால் மரத்தின் ரேகையைப் பார்த்து மயங்க வேண்டாம், துப்பாக்கியின் இரும்புப் பகுதி உட்காருவதற்காக உள்ளே குடைந்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி ஒரு குண்டுக்கு இரண்டு முறை உதைக்கும், பிஸ்டன் முன்னே பாயும்போது பின்னாலும், அது காற்றில் மோதி நிற்கும்போது முன்னாலும். நான் முதலில் செய்வித்த ஸ்டாக் பார்க்க அத்தனை அழகு, பள்ளம்தான் மயிரிழை அளவு கூடுதல் அகலம். முப்பது குண்டு சுடுவதற்குள் முன்பக்கத் திருகுகள் கால் சுற்று தளர்ந்துவிடும், குண்டுகள் இலக்கு அட்டையில் சிதறும். இன்னொரு தச்சர் இடைவெளியில் எபாக்சிப் பசை நிரப்பி, திருகு உட்காரும் இடத்தில் உலோக வாஷர் வைத்துக் கொடுத்த பிறகுதான் நின்றது. குழலை மடக்கும் கம்பிக்காக அந்த இடத்தில் அடிமரத்தைப் பிளந்து விடுவதால் இருபக்கமும் மரம் மெல்லியது, திருகை வெறும் மரத்தில் முறுக்கினால் நசுங்கும்.

ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் என்ற போட்டி ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதைத் தொடாமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. சுடும்போது அதன் இயந்திரம் முழுவதும் ஸ்டாக்கின் மேல் பின்னோக்கி வழுக்கி உதையை வாங்கிக்கொள்ளும், அந்த ஓட்டத்துக்குப் பிசகில்லாமல் குடைவது எல்லாத் தச்சருக்கும் கைவராது.

உங்களுடையதற்குச் செய்யக் கொடுக்கும்போது அளவை எழுதி அனுப்பாதீர்கள். துப்பாக்கியோடு நேரில் போய், நீங்கள் வழக்கமாகச் சுடும்போது அணியும் மேலங்கியோடு தோளில் வைத்துக் காட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள்.