“தமிழ் வரவில்லை” என்று ஒருவர் உதவி கேட்டால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: அலுவலகத்தில் கணினி உதவி செய்கிறேன். ஒரே பிரச்சினைக்குப் பத்து முறை பேச வேண்டியிருக்கிறது. எதை மாற்றலாம்?

முதல் கேள்வியை மாற்றுங்கள். “ரீஸ்டார்ட் செய்தீர்களா?” என்பதற்கு முன்னால் “திரையில் சரியாக என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். முடிந்தால் ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள்.

“தமிழ் வரவில்லை” என்பதையே எடுத்துக்கொள்வோம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) எழுத்துருவை நிறுவினால் பெரும்பாலும் போதும். ஆங்கில எழுத்துகளாகக் கலைந்து தெரிந்தால் அது பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பாக இருக்கலாம். பாமினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கப்படும். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் வெறும் கேள்விக்குறிகளாக நின்றால், சேமிக்கும்போதே எழுத்துகள் தொலைந்திருக்கும். எந்த எழுத்துருவும் அதை மீட்காது, மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும். இதைத் தெரியாமல் மணிக்கணக்கில் எழுத்துரு மாற்றிப் பார்ப்பவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம், விண்டோஸ் பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிரச்சினை தீர்ந்ததும் எது தீர்த்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். “சரியாகிவிட்டது, நன்றி” என்ற குறிப்பு அடுத்து வருபவருக்கு உதவாது.